முப்பத்தொரு வீட்டுக்கு ஒரே பதில்

என் பிரியமான மரியதாஸ் மச்சானுக்கு,

கடலில் நின்றாலும் கரையில் நின்றாலும், கூப்பிட்ட முதல் குரலுக்கே "என்னடாப்பா" என்று திரும்புகிறவன் நீ. ஒரு வருடமாகக் கூப்பிடுகிறேன், திரும்புகிறாயில்லை. ஆகவே எழுதுகிறேன்.

உன் ஆண்டுப் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். உன் மனுசி லூர்து வந்து, "அண்ணை, நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கோ" என்றாள். மற்றவர்கள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். மீனவர் சங்கத் தலைவர் உன்னைக் கலங்கரை விளக்கம் என்று எழுதியிருக்கிறார். நீ உயிரோடு இருந்தபோது அவர் உன்னைக் கூப்பிட்ட பெயரை இந்த மலரில் போட முடியாது, பூசை வைக்கிற சுவாமி கோபிப்பார்.

எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் கவிழ்ந்து, இரண்டாம் தரம் எடுத்து, அதிலும் கவிழ்ந்தவன். அதோடு எனக்கு உன்னோடு கோபம். இந்த வருடம் நான் போதுமான அளவு பொய் எழுதிவிட்டேன் மச்சான். இந்தக் கடதாசியிலாவது உள்ளதை எழுதவேண்டும். லூர்து கேட்டது ஒரு பக்கம். அது காணாது. அச்சகத்தில் எழுத்தைச் சின்னனாக்கட்டும்.

முதலில் உன் மருமகளின் புதினம் சொல்கிறேன். என் மகள் றெஜினா கம்பஸில் விரிவுரையாளராக எடுபட்ட செய்தி வந்த அன்று நீ இருந்தாய். என்னுடைய சிவப்புச் சேட்டைக் கழற்றி வாங்கி நம்முடைய வள்ளத்தில் கொடியாகக் கட்டிக்கொண்டு கரை முழுவதும் ஓடினாய். பார்த்தவன் பாராதவன் எல்லோருக்கும், "எங்கட பிள்ளை லெக்சரர்" என்று சொன்னாய். வேலை கிடைத்துவிட்டது, இனிப் பிள்ளை கதிரையில் இருந்து படிப்பிக்கும், கரைச்சல் முடிந்தது என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். நாங்கள் இருவரும் எதைத்தான் சரியாக நினைத்தோம்?

அது தகுதிகாண் காலமாம். மூன்று வருடம். அதற்குள் பாடமும் எடுக்கவேண்டும், ஆராய்ச்சியும் செய்து காட்டவேண்டும். ஆராய்ச்சி எப்படிச் செய்வது என்று படிக்க விரிவுரையாளர்களுக்கென்றே ஒரு விருத்திப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதில் தேறி, அதன் முடிவில் ஒரு ஆய்வையும் ஒப்படைத்தால்தான் வேலை நிரந்தரம். பயிற்சி சனியும் ஞாயிறும். பூசைக்குப் போனாயா என்று தாய் கேட்டால், பயிற்சி அம்மா என்று பதில் வருகிறது. சிலவேளை வெள்ளியும் சேர்த்து வைக்கிறார்கள். ஆராய்ச்சி செய்யப் பழக்குகிற பயிற்சியினால் பிள்ளைக்கு ஆராய்ச்சி செய்ய ஒரு நாள் கிடைக்கவில்லை. இதை நான் சொன்னால் படிக்காதவனின் கதை என்பார்கள்.

ஒருநாள் பின்னேரம் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு என்ன பிள்ளை படிச்சனீ?"

"மன அழுத்தத்தை எப்பிடிக் குறைக்கிறது எண்டு, அப்பா."

"எத்தினை மணிக்கு முடிஞ்சது?"

"காலமை எட்டிலயிருந்து பின்னேரம் ஆறு மட்டும்."

"அப்ப அழுத்தம் குறைஞ்சிட்டுதோ?"

"அறுபது வினாத்தாள் திருத்தக் கிடக்கு. திருத்திப்போட்டுச் சொல்லுறன்."

இன்னொரு கிழமை, கலாநிதிப் பட்டம் எடுத்த ஆட்களையெல்லாம் நிலத்தில் இருத்தி, சோடா குடிக்கிற குழாயால் கோபுரம் கட்ட விட்டார்களாம். ஒற்றுமையாக வேலை செய்யப் பழகுவதற்காம். பிறகு ஒவ்வொருவரும் தன்னை ஒரு விலங்காகச் சொல்லி அறிமுகம் செய்யவேண்டுமாம். ஒருவர் சிங்கம், ஒருவர் கழுகு. எங்கள் பிள்ளை தான் நண்டு என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது, பக்கத்தால போய்க்கொண்டிருக்கிறன்" என்றாளாம். உன் வாய்தான் அவளுக்கு. தாய்மாமனின் சொத்து என்று அவளுக்கு வந்தது அது ஒன்றுதான்.

சுவரில் மஞ்சள் துண்டு ஒட்டி அதில் பிரச்சினை எழுத விட்டார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் அந்தப் படிப்பை அகதி முகாமிலேயே முடித்துவிட்டோம் அல்லவா? தறப்பாளுக்குக் கீழே எங்களை வட்டமாக இருத்தி, மரம் கீறுங்கள், வேரில் பிரச்சினையை எழுதுங்கள், கிளையில் விளைவை எழுதுங்கள் என்றார்கள். நீ பனை கீறினாய். பனைக்குக் கிளை எங்கே என்று பயிற்சி வைத்த தொண்டு நிறுவனத்துப் பிள்ளை திண்டாடியது. "எங்கட பிரச்சினை நேர மேல போறது தங்கச்சி, கிளை விடாது" என்றாய். அந்தப் பிள்ளை அதையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டிக்கொண்டு போனது.

அங்கேதான் என் கோபம் தொடங்குகிறது. கேள்.

முகாமில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நீ. உன் கையெழுத்து அழகு. காலையில் ஒரு நிறுவனம் வரும், பின்னேரம் ஒரு அரசாங்கக் கந்தோர் வரும், அடுத்த நாள் இன்னொருவர் அதே கேள்விகளை வேறு நிறக் கடதாசியில் கொண்டுவருவார். எங்கள் கரையார் முப்பத்தொரு குடும்பத்துக்கும் நீதான் எழுதினாய். ஒருநாள் ஒருவன் தன்னிடம் வலைத்துண்டு ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டான். அடுத்த பட்டியலில் அவனுக்கு மட்டுமில்லை, அவனுடைய கூடார வரிசைக்கே வலை இல்லை. அன்றைக்கு நீ எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டாய்.

"ஃபோம் கொண்டு வாறவனுக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்லுங்கோ. குறைச்சுச் சொல்லுங்கோ. ஒருத்தன்ர கூடினால் எல்லாற்றையும் வெட்டுவாங்கள்."

அந்தச் சட்டம் எங்களுக்குச் சோறு போட்டது. நான் மறுக்கவில்லை. மீள்குடியேறி வந்து, பற்றைக்குள் கூரை இல்லாத கோயிலைக் கண்டுபிடித்து, தறப்பாள் கட்டி இருந்த நாளிலும் அதே பதில்தான்: இல்லை, போதாது, அழிந்துவிட்டது. வள்ளம் வந்தது, இஞ்சின் வந்தது, கிணறு இறைத்துத் தந்தார்கள். கோயிலுக்குக் கூரையும் போட்டாயிற்று. ஆனால் அந்தப் பதிலை எப்போது நிற்பாட்டுவது என்று நீ சொல்லவே இல்லை. சொல்லாமல் போய்விட்டாய். அந்தப் பதவியை நான் எடுத்துக்கொண்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஒப்படைக்கிற ஆய்வுக்கு றெஜினா எங்கள் கரையைத்தான் எடுத்திருக்கிறாள். ஒரு வள்ளத்துக்கு எவ்வளவு நண்டு படுகிறது, நண்டு குறைகிறதா கூடுகிறதா என்று பார்ப்பது. அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த வயதான பேராசிரியர், தெரிந்த இடத்தில் தொடங்கு என்றாராம். ஆனால் பயிற்சியில் ஒரு விதி இருக்கிறதாம். சொந்தச் சனத்திடம் நீயே போய்க் கேட்கக்கூடாது, அவர்கள் உனக்காகப் பதில் சொல்வார்கள் என்று. அதனால் பயிற்சிக்கு வந்தவர்கள் சோடி சோடியாகச் சேர்ந்து, உன் ஊருக்கு நான், என் ஊருக்கு நீ என்று மாறிக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு வந்தது மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று, தர்ஷினி என்று பெயர். றெஜினா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாதாம், அதுவும் விதி.

நீயே சொல் மச்சான். தெரியாத ஒரு பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்குகிறது. வரும் வழியில் திருக்கேதீஸ்வரத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்ததால் நெற்றியில் திருநீறு, தோளில் பை, கையில் வைத்து எழுதுகிற தட்டு, தட்டில் கடதாசிக் கட்டு. எங்கள் சனம் என்ன செய்யும்? நாய்கூடக் குரைக்கவில்லை, அதுக்கும் பழக்கம். வீட்டுக்கு வீடு கதிரை எடுத்துப் போட்டார்கள், இளநீர் வெட்டினார்கள், முகத்தைத் தொங்கப்போட்டார்கள்.

அந்தப் பிள்ளை முதல் நாள் வெறும் அறிமுகத்துக்குத்தான் வந்தது. அடுத்த நாள் கேள்வியோடு வருவேன் என்று சொல்லிப் போனது. அன்று பின்னேரம் நான் கரையில் வலை வைக்கிற வாடியில் கூட்டம் போட்டேன். உன் இடத்தில் நின்று, உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசினேன். ஐஸ் பெட்டி தருகிற திட்டமாக இருக்கலாம், யாரும் கூட்டிச் சொல்லிக் கெடுத்துப்போடாதேங்கோ என்றேன். மாதத்தில் இருபத்திரண்டு நாள் கடலுக்குப் போகிறோம், ஒரு நாளைக்கு நாலு கிலோ நண்டுதான் படுகிறது. எல்லா வீட்டுக்கும் இதுதான் பதில். உழைக்கிறோம், ஆனால் கிடைக்கவில்லை என்று தெரியவேண்டுமே. அந்த இருபத்திரண்டை யோசித்து எடுத்தபோது எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது. கணிதத்தில் கவிழ்ந்தவன் போட்ட கணக்கு.

பக்கத்து வீட்டுச் சவிரி மட்டும் கேட்டான்: "கம்பஸ் எண்டு சொல்லுதே அந்தப் பிள்ளை. உன்ர மகளும் கம்பஸ்தானே. ஒருக்காக் கேட்டுப் பாரன்."

"என்ர மகள் படிப்பிக்கிறவள். இப்பிடி வீடு வீடாத் திரியிற வேலையில்லை" என்றேன்.

இதை அச்சில் பார்க்கும்போது எனக்கே என்னைப் பிடித்து ஒரு அறை விடலாம் போல் இருக்கும். பரவாயில்லை, அடிக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து ஒரு அறிவித்தல் வந்தது. ஆய்வின் முடிவை ஊராருக்குச் சொல்லப் பயிற்சிக்காரர்கள் வருகிறார்கள், கோயில் பங்கு மண்டபத்தில் கூட்டம், தேநீர் உண்டு. ஐஸ் பெட்டி என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் முன்வரிசையில் இருக்காமல் பின்னுக்குப் போய் இருந்தேன், பெட்டி இறக்கினால் முதலில் பிடிக்கலாம் என்று. கம்பஸ் வான் ஒன்று வந்து நின்றது, அதிலிருந்து இறங்கினது எங்கள் றெஜினா.

நீலச் சாறி. கழுத்தில் பெயர் அட்டை. என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள், தெரியாத ஆளுக்குச் சிரிக்கிற மாதிரி. அதுவும் விதியாக இருக்கலாம். எனக்கு இன்னும் விளங்கவில்லை. பின்னுக்குத் திரையில் படம் விழுந்தபோதுதான் விளங்கியது. முப்பத்தொரு வீட்டுக்கும் முப்பத்தொரு தடி. எல்லாத் தடியும் ஒரே உயரம். சீப்பு மாதிரி.

அவள் படம் காட்டிச் சொல்லிக்கொண்டு போனாள். வள்ளங்கள் மாதம் முழுவதும் போகின்றன, நண்டு நாலு கிலோவுக்கு மேல் இல்லை, இந்தக் கடல் மெலிந்துகொண்டு போகிறது, இதைத் தான் கட்டுரையாக எழுதி ஒப்படைக்கப் போவதாக. குரலில் நடுக்கம் இருந்தது. பயத்தில் வந்த நடுக்கம் இல்லை அது. தன் ஊர்க் கடல் சாகிறது என்று நினைக்கிற பிள்ளையின் நடுக்கம். நான் எங்கே போய் ஒளிக்க?

பேராசிரியர் எழும்பினார். மெல்லிய மனிதர், குரலும் மெல்லியது. "ஒரு சந்தேகம். முப்பத்தொரு பேர் ஒரே அளவு நண்டு பிடிக்கேலாது. நண்டு அப்பிடி எண்ணி வராது" என்றார். அந்த நேரம் பார்த்து வெளியில் லொறிக்காரன் கோர்ன் அடித்தான்.

பேராசிரியர் யன்னலால் எட்டிப் பார்த்தார். நண்டு சேர்க்கிற நிலையம் மண்டபத்துக்கு நேர் எதிரில்தானே. பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் என்ன போகிறது என்று கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். உன் மனுசிதான் வாய் திறந்தாள்.

"நண்டு, சேர்."

"எவ்வளவு வரும் அம்மா?"

"ஒரு லொறி." கொஞ்சம் யோசித்து, "மற்ற லொறி பின்னேரம் வரும்" என்றாள்.

மட்டக்களப்புப் பிள்ளை கையால் வாயைப் பொத்தியது. றெஜினா திரையைப் பார்த்தாள், பிறகு யன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகாமில் இருந்து வளர்ந்த பிள்ளை அல்லவா. யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. "அப்பா" என்றாள், அவ்வளவுதான்.

எழும்பினேன். "எல்லாருக்கும் அப்பிடிச் சொல்லச் சொன்னது நான்தான்" என்றேன். குற்றத்தில் பாதி இங்கே இல்லாத ஒருவனுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. உன் மனுசி முன்வரிசையில் இருந்தாள். விழுங்கிவிட்டேன். அந்த மீதியை இப்போது இந்த மலரில் எழுதுகிறேன். உன் பங்கை நீயே எடுத்துக்கொள்.

பேராசிரியர் ஏசவில்லை. அதுதான் கூட வலித்தது. கடைசியில் றெஜினாவுக்கு ஆறு கிழமை தவணை கொடுத்தார். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகவேண்டும், இந்த முறை அவளே போகவேண்டும். மாற்று ஆள் அனுப்பிப் பார்த்தாயிற்று, இந்தச் சனத்துக்குத் தெரியாத ஆள் என்றால் பழைய பதில்தான் வரும் என்றார். அதற்குள் முடிக்காவிட்டால் பயிற்சியில் தேறவில்லை என்று போகும். தகுதிகாண் காலம் இன்னும் ஒரு வருடம் நீளும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் வேலை இல்லை. இந்த ஆறு கிழமைக்குள் இன்னொரு இரண்டு நாள் பயிற்சியும் வைத்திருக்கிறார்கள் மச்சான். தலைப்பு என்ன தெரியுமா? பிழையான தரவைத் தவிர்ப்பது எப்படி. அதற்கு என்னைக் கூப்பிட்டிருக்கலாம், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பேன்.

அன்று அவள் வீட்டுக்கு வந்தாள். உன் தங்கச்சி பிலோமினா புட்டு அவித்துக் கொடுத்தாள், சாப்பிட்டாள். அடுத்த நாள் காலை மேசையில் படிவத்தை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை, உன்ர வேலை எண்டு" என்றேன். ஏதாவது சொல்லவேண்டுமே.

"சொன்னால் எனக்காகக் கூட்டிச் சொல்லுவீங்கள் எண்டு பயந்தனான். குறைச்சுச் சொல்லுவீங்கள் எண்டு எந்த வேர்க்ஷொப்பிலயும் சொல்லித்தரேல்லை."

பிறகு அந்நியப் பிள்ளை போல நிமிர்ந்து இருந்து முதலாம் பக்கத்தை வாசித்தாள். இந்த ஆய்வில் பங்குபற்றுவது உங்கள் சுயவிருப்பம், விரும்பாவிட்டால் எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம், உங்கள் பெயர் எங்கும் வராது.

"நிப்பாட்டலாமோ?" என்றேன்.

"ஏலாது." பேனையைத் திறந்தாள். "போன மாதம் எத்தினை நாள் கடலுக்குப் போனனீங்கள்?"

இருபத்திரண்டு என்று பல்லுக்குள் வந்து நின்றது. நீ பழக்கிய நாக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளும் இல்லை" என்றேன்.

பேனை நின்றது. அதற்கு முதல் மாதம் என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றேன். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டாள். நாளைச் சொன்னேன். அவளுக்கு அந்த நாள் தெரியும்.

உனக்கும் தெரியும் மச்சான். நீ நண்டு வலை இழுத்துக்கொண்டே, மருமகளின் முதல் சம்பளத்துக்கு அவளிடம் என்ன கேட்கலாம் என்று பகிடி சொல்லிக்கொண்டிருந்தாய். பாதி வலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். வலையை வெட்டிவிட்டு இஞ்சினைத் திருகினேன். கரை தெரிகிறது, தெரிந்துகொண்டே இருக்கிறது, வருகுதில்லை. நான் உன்னோடு கதைத்துக்கொண்டே வந்தேன். நீ எந்த இடத்தில் பதில் சொல்லாமல் விட்டாய் என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வள்ளம் தள்ளவில்லை. காலையில் சோற்றுப் பார்சலோடு வெளிக்கிட்டு வாடிக்குப் போவேன். மற்றவர்களின் வலையில் நண்டு கழற்றிக் கொடுப்பேன், இஞ்சின் பார்ப்பேன். பங்குக்கு அவர்கள் தருகிற நண்டைக் கொண்டு வீட்டுக்கு வருவேன். கரையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் என் வீட்டில் சொல்லவில்லை. எங்கள் சனம் ஒரே பதில் சொல்வதில் கெட்டிக்காரர். நான் வீட்டை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

அடுப்படியிலிருந்து உன் தங்கச்சியின் குரல் வந்தது, திரும்பிப் பாராமலே.

"ஒரு வருசமா நீங்கள் உடுத்திற சாரத்தில உப்பில்லை. தோய்க்கிறது ஆரெண்டு நினைச்சீங்கள்?"

றெஜினா கட்டத்துக்குள் பூச்சியம் போட்டாள். அடுத்த கேள்வி, போகாததற்குக் காரணம். இயந்திரப் பழுது, காலநிலை, நோய், வேறு. வேறு என்பதில் சரி போட்டாள். பக்கத்தில் ஒரு கோடு விட்டிருந்தார்கள், விபரம் எழுத.

"என்ன எழுத, அப்பா?"

"மச்சான் இல்லை எண்டு எழுது."

எழுதினாள். அவ்வளவு சின்னக் கோட்டில் அது அடங்கிவிட்டது. முகாமிலிருந்து இன்று வரை என் பெயரில் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் என் உயரம் வரும். உண்மை எழுதியது இந்த ஒன்றில்தான்.

என் படிவம் முடிந்தது. மற்ற முப்பது வீடு கிடக்கிறது. நேற்று நான் முன்னுக்குப் போய்ச் சனத்தோடு கதைத்தேன். சொன்னதை நானே திருப்பி எடுப்பது லேசான காரியம் இல்லை. சவிரிதான் பிடித்துக்கொண்டான். வீட்டுத்திட்டத்தில் அவனுக்கு இன்னும் வீடு வரவில்லை. உண்மையைச் சொன்னால் பட்டியலில் பெயரை வெட்டுவார்கள் என்று பயப்படுகிறான். அந்தப் பயம் பிழை என்று நான் எப்படிச் சொல்வேன்? றெஜினாவின் படிவத்தில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான், எந்தக் கந்தோருக்கும் அது போகாது என்று சொன்னேன். அது உண்மை. அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒரு வருசமாக் கடலுக்குப் போகாதவன் வந்து எனக்கு உண்மையாச் சொல்லு எண்டுறான்" என்றான். "நீ முதல் வள்ளத்தைத் தள்ளு. அதுக்குப் பிறகு நான் கிலோவைச் சொல்லுறன்."

வாடியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் சிரிப்பு நின்றது. அவன் கேட்டது நியாயம்தானே?

ஆகவே, மச்சான், பூசைக்கு வந்து இதை வாசித்துக்கொண்டிருக்கிற எங்கள் கரையார் முன்னிலையில் உனக்குச் சொல்கிறேன். உன் சட்டத்தை இன்றோடு எடுத்துவிடுகிறேன். நீ போட்ட நாளில் அது சரி. இப்போது அது எங்கள் பிள்ளையின் கழுத்தில் கிடக்கிறது. திங்கட்கிழமை றெஜினா தட்டோடு வீடு வீடாக வருவாள். இளநீர் வெட்டுங்கோ, முகத்தைத் தொங்கப்போடாதேங்கோ, பட்ட நண்டைச் சொல்லுங்கோ. ஒரு வீட்டுப் பதில் மற்ற வீட்டுப் பதில் மாதிரி இருக்கக்கூடாது.

நான் அன்று வீட்டில் இருக்கமாட்டேன். விடிய வெள்ளாப்போடு நம்முடைய வள்ளத்தைத் தள்ளுவேன். தள்ள ஒரு கை காணாது, சவிரியே வந்து பிடிக்கட்டும், கேட்டவன் அவன்தானே. நீ இருந்த பக்கத்தில் ஒருவரையும் இருத்தமாட்டேன், அது இப்போதைக்கு முடியாது. பயமாகத்தான் இருக்கிறது. அதையும் குறைத்துச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்பாள். ஒரு நாள் என்று சொல்வேன். ஒன்றுதான், ஆனால் உள்ளது. பின்னேரம் சாரத்தைக் கழற்றி உன் தங்கச்சியிடம் கொடுப்பேன். அவள் பார்த்துச் சொல்லட்டும்.

உப்போடு வீடு திரும்பப்போகிற,
உன் தங்கச்சியின் மனுசன்,
செபமாலை